குழாய்க்கடைக்கு மாப்பிள்ளை மாட்டிவிட்ட மெஷின்

மதிப்பும் மரியாதையும் ஒரு நாளும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு, குழாய்க்கடை மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. மகள் என்னோடு பேசுவதில்லை. எண் மட்டும் சொல்கிறாள், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். உங்களுக்குப் போன் போட்டாலோ, "மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று ஒரு செய்தி தானாக வந்து விழுகிறது. அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. ஆகவே பேனாவை எடுத்தேன். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் என் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் பிரித்துவிடுவாள் என்பதால் உங்கள் அலுவலக விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடவும்.

சண்டை எதனால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் பக்கத்தையும் ஒரு முறை கேளுங்கள். பரணிலிருந்து ஷவர் டப்பாவை எடுக்கும்போது ஏணி வழுக்கியது. ஏணிதான் வழுக்கியது, நான் வழுக்கவில்லை. முட்டியில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். அதற்குள் அவள், "கடையை மூடிட்டு எங்களோட வந்து இருங்கப்பா, அம்மாவும் இல்ல, விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்று ஆரம்பித்தாள். உங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து புறா எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று சொன்னேன். "அப்போ அந்தக் குழாய்ங்களையே பொண்ணா வச்சுக்கோங்க" என்று போனை வைத்தாள். வைத்ததுதான். நானும் கூப்பிடவில்லை. அவளுக்கு மூக்கின் மேல் கோபம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து நீங்கள் சமாதானத் தூதராக வந்தீர்கள். அப்படித்தான் நினைத்தேன். கையில் பை இருந்தது. பழம் என்று நினைத்தேன். பிரித்தால் உள்ளே மெஷின். "மாமா, இப்போ யாரு ரொக்கம் குடுக்குறா? கார்டு, போன், எல்லாம் இதுல வாங்கலாம். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றீர்கள். கடைகளுக்கு இந்தப் பணம் வாங்கும் சாப்ட்வேரை மாட்டிக்கொடுப்பதுதான் உங்கள் வேலை என்பதும், மாதக் கடைசியில் உங்கள் கணக்குக்கு ஒரு கடை குறைந்தது என்பதும் பிற்பாடு காதுக்கு வந்த சேதி. போகட்டும். மாமனார் இருப்பதே தலையில் கட்டுவதற்குத்தானே. வேறு யாராவது செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். மாப்பிள்ளை என்பதால் மரியாதையோடு திட்டுகிறேன்.

பிவிசி குழாய்க் கட்டின் மேல் உட்கார்ந்து, வாங்கிவந்த டீ எல்லாவற்றையும் குடித்து முடித்து, "முடிஞ்சிருச்சு மாமா" என்று கைகுலுக்கிவிட்டுப் போனீர்கள். மறுநாள் வியாபாரம் பிரமாதம். யார் எதை வாங்கினாலும் அந்தப் பெட்டி ஒரு பெண் குரலில் "பணம் பெறப்பட்டது, நன்றி" என்று குளிரக் குளிரச் சொன்னது. நானும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் கடைக்கு வாடிக்கையாக வரும் பிளம்பரை உங்களுக்குத் தெரியும், அவர் சரி செய்த பிறகும் குழாயில் ஒரு சொட்டு ஒழுகிக்கொண்டே இருக்கும், அதனால் சொட்டு என்றே பெயர். அந்தச் சொட்டு விளையாட்டாகத் தன் பஸ் பாஸை எடுத்து மெஷின் மேல் வைத்தார். "பணம் பெறப்பட்டது, நன்றி" என்றது. பில் போடும் கணக்கம்மா தன் கண்ணாடிக் கூட்டை வைத்தார். அதற்கும் நன்றி. எனக்குச் சந்தேகம் வந்து உங்களுக்கு ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்டால், "ஓ, அது டெஸ்ட் மோடுல இருக்கு மாமா, நெஜ மோடுக்கு மாத்த மறந்துட்டேன்" என்று அங்கிருந்தே ஏதோ தட்டினீர்கள். அதாவது அதுவரை நடந்தது வியாபாரம் இல்லை, நாடகம். சாமான் மட்டும் நிஜமாகப் போயிருந்தது.

சரி, நிஜ மோடு வந்தது. அதில் இன்னொரு வினை. சொட்டு அன்று மாலை தலைதெறிக்க ஓடி வந்தார். அவர் என் கடையில் ஒரு கேட் வால்வு வாங்கியிருக்கிறார். பணம் போனதும் வங்கியிலிருந்து செய்தி போயிருக்கிறது, அவர் போன் அப்போது அவர் மனைவி கையில் இருந்திருக்கிறது. அதில் என் கடைப் பெயர் இல்லை. ஏதோ ஓர் அழகு நிலையத்தின் பெயர். என்னவென்று விசாரித்தால், எனக்கு முன்னால் நீங்கள் மெஷின் மாட்டிய கடை அதுதானாம். ஒவ்வொரு கடைக்கும் முதலிலிருந்து நிரப்பச் சோம்பல்பட்டு, முந்தைய கடையின் விவரத்தை அப்படியே நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றுவது உங்கள் தொழில் வழக்கமாம். அன்று பெயரையும் மாற்றவில்லை. சொட்டின் முகத்தைப் பார்த்தால் அழகு நிலையத்துக்குள் போய்வந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் அந்த அம்மாவின் சந்தேகத்தை முற்றவைத்திருக்கிறது. "அங்க போயி என்னத்த பண்ணிட்டு வந்தே?" என்பது அவர் கேள்வி. வால்வைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில் நான் அவர் வீட்டுக்கே போய், நான் அழகு நிலையம் நடத்தவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

பெயரை மாற்றினீர்கள். உடனே சிக்னல் போனது. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடை முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்தது: பின்பக்கம், கமோடுகளை வரிசையாக வைத்திருக்கிறோமே, அங்கே. அதுவும் நின்றால் கிடைக்காது, உட்கார்ந்த உயரத்தில்தான் கிடைக்கும். ஊரில் நாலு பேர் மதிக்கிற தலைமையாசிரியர் ஒருவர், கைகழுவும் தொட்டி வாங்க வந்தவர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவே பார்க்க, வெள்ளைக் கமோடு ஒன்றின் மேல் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து ரகசிய எண்ணை அழுத்தினார். தெருவில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வணக்கம் வேறு வைத்தார். தலைமையாசிரியர் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. தொட்டிக்குத் தேவையான குழாயைக்கூட வேறு கடையில் வாங்கிக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் உங்கள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், ஆனால் எடுக்கவில்லை. நடுவே புல்லாங்குழல் வேறு. எடுத்த பிள்ளை, "சார், அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தீங்களா?" என்றான். போட்டேன். அணைத்துப் போட்டதில் அது என்னை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே போக ஆறு இலக்க எண் ஒன்று வருமாம், அதைப் போட வேண்டுமாம். என் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறேன், ஒன்றும் வரவில்லை. "பதிவு பண்ணுன நம்பருக்குப் போயிருச்சே சார்" என்றான். எந்த நம்பர் என்றேன். பாதுகாப்புக் காரணத்தால் சொல்ல முடியாது, கடைசி இரண்டு இலக்கம் மட்டும் சொல்லலாம் என்றான். சொன்னான். மாப்பிள்ளை, அது என் மகளின் நம்பர்.

கடை என்னுடையது, குழாய் என்னுடையது, சாவி மட்டும் கோபித்துக்கொண்டு போன மகள் கையில். "நான்தானப்பா கடைக்காரன்" என்கிறேன், "பதிவுல இருக்கிறவங்கள பேசச் சொல்லுங்க சார்" என்கிறான். என்ன செய்வேன்? வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், ஒருவர் ஏற்கெனவே கமோடில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிடலாமா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. ஹலோ இல்லை, அப்பா இல்லை. எண்ணை மட்டும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டாள். உங்கள் அத்தையும் போய்ச்சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்; சண்டைக்குப் பிறகு அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஆறு எண்ணில் மூன்றுதான் காதில் விழுந்தது. மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. தப்பாகப் போட்டேன். இன்னொன்று போனது. இன்னொரு முறை கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து இந்த மெஷின் என்னைக் காலையில் ஒரு முறை, சாப்பிட்டு வந்ததும் ஒரு முறை, கடை அடைப்பதற்கு முன் ஒரு முறை என்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எண் அவளுக்குப் போகிறது, அவள் வேலையை விட்டுவிட்டுக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதில் தொல்லை என்னவென்றால், எண்ணை மட்டும் சொன்னால் பரவாயில்லை. நடுவில் பேச ஆரம்பித்துவிட்டாள். நாலாவது எண்ணுக்கும் ஐந்தாவது எண்ணுக்கும் நடுவில், "என்ன, இருமல் கேக்குது?" என்கிறாள். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் நாலாவது எண் எனக்கு மறந்துபோகிறது. ஒரு நாள் நான் ஏணியில் நிற்கும்போது அடித்தது. பதறி இறங்கினேன். "என்னப்பா அது சத்தம்?" என்றாள். நாற்காலி என்றேன். "நாற்காலிக்கு எத்தனை படி?" என்று கேட்டுவிட்டு, எண்ணைச் சொல்லாமலே நின்றாள். ஏணியில் ஏற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சொன்னாள். அதற்குள் எண் செத்துப்போய்விட்டது. இன்னொரு நாள், "மெதுவா எழுதிக்கோங்க, அவசரம் இல்ல" என்கிறாள். அவசரம் இல்லையாம்! எண்ணுக்கு ஆயுளே கொஞ்ச நேரம். தப்பாகப் போட்டுப் போட்டு நேற்று முன்தினம் மெஷின் நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டது. இப்படி ஒரு மெஷினை வைத்துக்கொண்டு யார் வியாபாரம் செய்வது? எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, அந்தப் பதிவில் மகளின் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட வேண்டும். முடியாது என்றால் மெஷினையே கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும். அந்த அழகு நிலையத்துக்கே கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். நான் கல்லாப்பெட்டியோடு பிழைத்துக்கொள்கிறேன். அது யாரையும் வெளியே தள்ளாது, யாரிடமும் எண் கேட்காது, யாரையும் எதிர்பார்க்கவும் வைக்காது.

உங்கள் வீட்டில் செல்வமும் சிரிப்பும் சிக்னலும் குறைவில்லாமல் இருக்க என் ஆசிகள். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மீது இன்னும் மரியாதை வைத்திருக்கும்
குழாய்க்கடை மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். எண்ணை மாற்றவும் வேண்டாம். உண்மையில் போன வாரமே உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிட்டாள். சிக்னல் கல்லாவிலேயே கிடைக்கிறது. மெஷின் இப்போது தானாக யாரையும் வெளியே தள்ளுவதில்லை; ஓரத்தில் "வெளியேறு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை நான்தான் அழுத்துகிறேன். கணக்கம்மா பார்த்துவிட்டு, "சார், இப்போ நீங்களே எதையோ அமுக்குனீங்களே?" என்றார். வாஷர்களை அளவுவாரியாகப் பிரித்து வைக்கச் சொல்லி அவரைப் பின்பக்கம் அனுப்பிவிட்டேன். நேற்று மகள் ஆறாவது எண்ணையும் சொன்ன பிறகு போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இருந்ததில் அந்த எண் காலாவதியாகிவிட்டது, இன்னொன்று வரவழைக்க வேண்டியிருந்தது. இத்தனை கடைக்கு மாட்டியவர் நீங்கள், அவள் எண்ணைத் தெரியாமலா போட்டிருப்பீர்கள் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். கேட்க மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். வந்தே ஆவேன் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.