தலையில் பிளஸ் போட்ட எழுத்து

சீன எழுத்தைக் கணினியில் தட்டிய முதல் ஸ்ரீரங்கவாசி யார் என்று சரித்திரம் ஒருநாள் கேட்கும். அப்போது அது திணறக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். நான்தான்.

எடமலைப்பட்டி புதூரில் வாழைநார்ப் பை செய்யும் கம்பெனிக்கு நான் மேனேஜர். தொட்டியத்திலிருந்து வரும் வாழை மட்டையில் நார் உரிக்க எங்களிடம் ஒரே ஒரு மெஷின். அது படுத்துவிட்டது. வேலை நின்றுபோய், மட்டைகள் அழுக ஆரம்பித்தன. முதலாளி பூவரசன் 'அவசர ஆலோசனைக் கூட்டம்' போட்டார்.

"சீனாவுல புது மெஷின் செய்யுறாங்களாம். இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டுடுங்க, பிரஹலாத் சார்."

"அவங்க பாஷையிலயே எழுதிடுவோம் சார். அதுதான் மரியாதை."

"உங்களுக்குச் சீன பாஷை தெரியுமா?" என்றாள், கணக்குப் பார்க்கும் ஷரீபா.

"தட்டத் தெரியும்."

ஷரீபா முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கலை எளியது. உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டினால், அந்த ஒலியுள்ள சீன எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான். வாங்குவதற்கு 'மாய்' என்று இணையம் சொன்னது. தமிழில் 'மாய்' என்றால் என்ன பொருள் என்று அப்போதே யோசித்திருக்கலாம். வந்தவற்றில் லட்சணமாக இருந்ததைத் தொட்டேன்.

பதில் ஆங்கிலத்தில் வந்தது. 'நன்றி. எங்களுக்கு மெஷின் தேவையில்லை. நாங்களே தயாரிக்கிறோம்.'

"பேரம் ஆரம்பிச்சுட்டாங்க சார். கொஞ்சம் பிகு பண்ணுவாங்க," என்று முதலாளிக்கு விளக்கினேன்.

விடாமல் எழுதினேன். 'எந்த விலைக்கும் தயார்' என்றுகூட எழுதினேன். அவர்கள் பதில் போடுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ஷரீபா அந்தக் கடிதங்களைச் சீனாவில் வியாபாரம் செய்யும் தன் அண்ணன் பஷீர் அகமதுக்கு அனுப்பினாள். அவர் போனில் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது.

"வாங்குறதும் 'மாய்'தான், விக்கிறதும் 'மாய்'தான். இழுத்துச் சொல்றதுலதான் வித்தியாசம். தலையில பிளஸ் குறி இருந்தா விக்கிறது. மெஷின் செய்யுறவங்ககிட்டயே மெஷின் விக்கிறேன்னு கெஞ்சியிருக்கீங்க சார்."

"அந்நிய எழுத்து. யாருக்கும் சறுக்கும்," என்றேன் கம்பீரமாக.

பூவரசன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சீனாவுக்கு நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன். மெஷின் வர லேட்டாகும், பொறுத்துக்கச் சொல்லி நம்ம ஆளுங்களுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க. தமிழ்ல."

நோட்டீஸுக்குச் சுருக்கம்தான் அழகு என்று மூன்றே சொல்லில் முடித்தேன். தமிழையும் நான் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவேன். வரிசை வந்தது. முதலில் நின்றதைத் தொட்டு, அச்செடுத்து, கதவில் ஒட்டினேன்.

மறுநாள் காலை மெஷின் ஓட்டும் இருளாயி கையில் ஸ்பேனரோடு என் மேஜை முன் வந்து நின்றார். பின்னால் இன்னும் நாலு பேர், அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை.

"புது மெஷின், பொருத்துக்கொள்ளவும்னு போட்டிருக்கீங்க. எங்க சார் இருக்கு, பொருத்திடுறோம்."

இந்த முறை பழி போட ஓர் அந்நிய எழுத்தும் கிடைக்கவில்லை.