வாஷிங் மெஷினுக்கு இடம்கொடுத்த அண்ணன் எழுதுவது

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணி நலம், வீடு நலம், என் ரத்த அழுத்தம் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க மனமார விரும்புகிறேன். உன் வீட்டுக்காரரும் நலமாகவே இருக்கட்டும். நான் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அவர் தெம்பாக நின்று பதில் சொல்ல வேண்டும் அல்லவா? போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளையைப் பற்றி உன்னிடம் குறை சொல்லக் கூடாது என்று உன் கல்யாணத்தன்றே முடிவு செய்தவன் நான். அதற்கு முன்பு என்னோடு ஒரே குழுவில் கீபோர்டு வாசித்தபோது அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன். உனக்காக ஒரே நாளில் 'வாங்க, போங்க' என்று மாற்றிக்கொண்டேன். நாக்கு எவ்வளவு கஷ்டப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். அந்த மரியாதைக்குக் கிடைத்த பலனைக் கேள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து எங்கள் குழு ஒரு புது ஆல்பம் போடுகிறது, அதுவும் புரோகிரெசிவ் ராக். அதாவது பாட்டுத் தொடங்கியதும் நீ குளிக்கப்போய், தலை காய்ந்து திரும்பி வந்தாலும் அதே பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் ஆட முடியாது, கூடச் சேர்ந்து முணுமுணுக்கவும் முடியாது. அதுதான் எங்கள் பெருமை. ஸ்டுடியோ என்பது பழைய அச்சகத்தின் மூன்றாம் மாடி, சுவரெல்லாம் மெத்தை, லிஃப்ட் கிடையாது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு என் டிரம்ஸை அங்கே ஏற்றினேன். முதல் நாளே மாப்பிள்ளை ஆல்பத்தின் தலைப்புப் பாட்டென்று அரை மணி நேரப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பதிமூன்றாகப் போகும் தாளம் திடீரென்று பதினொன்றாகும், அப்புறம் ஓரிடத்தில் தாளமே கிடையாதாம், "அங்க உணர்வுதான் மச்சான்" என்றார். உணர்வை எந்தக் குச்சியால் அடிப்பது? ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினேனா? வீட்டில் சாப்பாட்டு மேசையைக் கரண்டியால் தட்டித் தட்டிப் பழகினேன். உன் அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு பால்கனியில் போய் நின்று சாப்பிட்டாள். ஒரு வாரம் இப்படி உயிரைக் கொடுத்து வாசித்துப் பதிவு செய்தேன்.

பிறகு எனக்குப் பல் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். வீக்கம் வடியும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல், வீங்கிய கன்னத்தோடே ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒலிப்பதிவாளர் பாட்டைப் போட்டார். கரகரவென்று ஏதோ சுற்றுகிறது, நடுநடுவே 'டொம்' என்று இடிக்கிறது.

"என்னப்பா இது, லாரிச் சத்தம் உள்ள வந்திருக்கு?"

ஒலிப்பதிவாளர் தன் செருப்பைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார்.

"லாரி இல்ல மச்சான். எங்க வீட்டு வாஷிங் மெஷின். ஒரு கால் ஆடுதுல்ல, அதனால பதிமூணுல கரெக்டா விழுது."

"அப்ப என் டிரம்ஸ் எங்க?"

"அது கொஞ்சம் கீழ இருக்கு."

"எவ்வளவு கீழ?"

"இல்லாத அளவுக்கு."

தங்கையே, நான் வாசித்ததை முழுசாக எடுத்துவிட்டு உன் வீட்டு அழுக்குத் துணியை ஓடவிட்டிருக்கிறார்கள்! 'டேய்' என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு இத்தனை வருட மரியாதையும் போய்விட்டது, மன்னித்துக்கொள். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. இயந்திரம் ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்றட்டும் என்று ஒற்றைக் கம்பளிப் போர்வையைப் போட்டுக் கொடுத்தது நீதானாமே? அண்ணனுக்கு எதிராகப் போர்வை போட்டவள் என்று உன்னைத்தான் முதன்முதலில் கேள்விப்படுகிறேன். ஆல்பத்தின் அட்டையில் தாளம் என்ற இடத்தில் யார் பெயரைப் போடப்போகிறீர்கள்? அந்த மெஷினைத் தயாரித்த கம்பெனியின் பெயரையா?

எங்கள் பாடகன் சங்குவாவது எனக்காகப் பேசுவான் என்று பார்த்தேன். மைக் இல்லாமலே தெருமுனைவரை கேட்கும் குரல் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டான், சரி. அதற்காக இப்படியா? தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறான், திறக்கிறான், மறுபடியும் திருகுகிறான். "இந்தக் குழுவுக்கும் எனக்கும் இனிமே ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று கத்திவிட்டு டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். டிரம்ஸோடு கோபித்துக்கொண்டு போவது எவ்வளவு கேவலம் தெரியுமா? ஒரே தடவையில் போக முடியாது. நாலு தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோபப்பட வேண்டும். கடைசியில் முக்காலியை எடுக்கப் போனபோது எனக்கு மூச்சே வரவில்லை. ஒலிப்பதிவாளர் "சார், டீ குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன். ஆனால் யாரிடமும் பேசவில்லை.

இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன். இது முடிவு. உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு.

நீயும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், வாழ்க்கையில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க என் ஆசிகள். மாப்பிள்ளைக்கு ஆசி இந்த முறை இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது சங்கு வந்தான். பஸ் பிடித்து வந்திருக்கிறான். சமையலறையில் உட்கார்ந்து நான் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தான். பிறகு அந்தக் கம்மிய குரலில், "டேய், உன் டிரம்ஸ எடுக்கச் சொன்னது நான்தான். நீ அடிக்கும்போது என் குரல் எனக்கே கேக்கல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. 'நீ வாயத் திறக்காத, நான் பண்ணதாவே இருக்கட்டும், மச்சான் என்னத்தான திட்டுவாரு'ன்னு உன் மாப்பிள்ள சொல்லிட்டான்" என்றான்.

கோபப்படப் பார்த்தேன், யார்மேல் படுவது என்று தெரியவில்லை. பாடு என்றேன். தலைப்புப் பாட்டின் முதல் வரிகளைப் பாடினான். பழைய குரல் இல்லைதான். ஆனால் இப்படி ஒரு குரலை நான் இதுவரை கேட்டதில்லை. அலமாரிக் கதவில் விரல் நுனியால் மட்டும் மெதுவாகத் தட்டினேன். உள்ளறையில் டிவியை அணைத்துவிட்டு உன் அண்ணி வந்து வாசலில் நின்றாள்.

"இப்ப கேக்குது" என்றான்.

"யாரு சத்தம்?"

"ரெண்டு பேரோடதும்."

ஆகையால் மேலே எழுதியதில் நல விசாரிப்பையும் ஆசியையும் மட்டும் வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கும் ஆசி உண்டு. நடுவில் இருப்பதை அவரிடம் காட்டாதே. மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அதனால்தான் கிழிக்காமல் சங்குவிடமே கொடுத்தனுப்புகிறேன். பாட்டு இன்னும் பத்து நிமிடம் நீளப்போகிறது, நீட்டச் சொன்னது நான்தான். நாளைக் காலையில் டிரம்ஸை மறுபடி மூன்று மாடி ஏற்ற வேண்டும், மாப்பிள்ளையை அனுப்பிவை. இருப்பதிலேயே கனமான பெட்டி அவருக்குத்தான். என்னிடம் பொய் சொன்னதற்கு அந்தத் தண்டனையாவது வேண்டாமா?