ஏழாவது கல்லறை நல்ல நிலையில் உள்ளது

மன்னர்கள் உயிரோடு இருக்கும்வரை நாட்டை ஆள்கிறார்கள். செத்த பிறகு அவர்களை ஆள்வது தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புத் துறையின் மூன்றாம் மாடி. உள்ளே கிடப்பவர் எத்தனை போர்களில் வென்றார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கோப்பு எண் என்ன என்றுதான் கேட்பார்கள். எதிரிகள், பங்காளிகள், பாலில் கலந்த விஷம் என்று வாழ்நாளில் ஒரு நாள் நிம்மதியாகக் கண்மூடாதவர்கள் எல்லாம் இன்று ஆழ்ந்து உறங்குகிறார்கள் என்றால், அதற்கு மூன்றாம் மாடி தினமும் காட்டிவரும் முன்மாதிரியே காரணம்.

அந்த மாடியில் கல்லறைப் பிரிவின் தலைமை எழுத்தரை எல்லாரும் "நல்லநிலை" என்று அழைத்தார்கள். அது கேலிப் பெயர் இல்லை, மரியாதைப் பெயர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏழு அரசக் கல்லறைகளுக்கும் ஏழு அறிக்கைகள் எழுதுவது அவர் பணி. பத்தொன்பது ஆண்டுகளாக ஏழிலும் ஒரே வாக்கியம்: "மேற்படி கல்லறை நல்ல நிலையில் உள்ளது." எழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்லறைகளை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நேரில் பார்த்தவன் நடுநிலையோடு எழுத முடியாது என்பது துறையின் கருத்து.

ஏழில் ஆறு மன்னர்களுடையவை. ஏழாவது, அந்த வம்சத்தில் நாட்டை ஆண்ட ஒரே ராணியுடையது. நல்லநிலையின் மனைவிக்கு அந்த ராணிமீது லேசான பொறாமை உண்டு.

"நம்ம வீட்டுச் சமையல்கட்டுக் கூரை மூணு வருஷமா ஒழுகுது. அந்தம்மாவுக்கு மட்டும் ஒழுகவே ஒழுகாதா?" என்று ஒவ்வொரு மழைக்கும் கேட்பாள்.

"ஒழுகாது. நானே எழுதியிருக்கேன்" என்பார் அவர்.

இப்படி எல்லாம் நல்ல நிலையில் போய்க்கொண்டிருந்தபோது புதிய இயக்குநர் வந்தார். எங்கோ இரண்டு வாரப் பயிற்சி முடித்து, ஒரு பை நிறையப் புதுச் சொற்களோடு வந்திருந்தார். முதல் வாரமே சுற்றறிக்கை வந்தது: "அலுவலர்கள் தத்தம் பொறுப்பிலுள்ள சின்னங்களை நேரில் கண்டு 'கள நனைவு' பெறுவது காலத்தின் கட்டாயம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேருந்து புறப்படும். குடும்பத்தில் ஒருவரை அழைத்து வரலாம்."

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "நனைவுன்னா மழை வரும்னா சொல்றாங்க?"

"எதுக்கும் குடை எடுத்துக்கோ. சுற்றறிக்கையில போட்டுட்டாங்க, வந்தாலும் வரும்."

ஞாயிறு காலை பேருந்தில் ஏறிய முப்பத்திரண்டு பேருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். அதில் "பாரம்பரியமே நம் மூச்சு" என்று அச்சிட்டிருந்தது. நல்லநிலைக்குப் பக்கத்து இருக்கையில் வசதிகள் பிரிவு எழுத்தர் உட்கார்ந்தார். சின்னங்களைச் சுற்றிக் கழிப்பறை, இருக்கை, வண்டி நிறுத்துமிடம் அமைப்பது அவர் பிரிவு. அதனால் அவருக்கு "வசதி" என்று பெயர். இருவருக்கும் இடையில் அலுவலகத்தில் இரண்டு மேசைதான். பதினைந்து வருடமாகச் சேர்ந்து தேநீர் குடிக்கிறார்கள். அவர்கள் கோப்புகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு பேருந்து ஒரு பெரிய தளத்தில் போய் நின்றது. ஓட்டுநர் இறங்கித் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"எத்தனையோ ஊருக்கு வண்டி ஓட்டியிருக்கேன். இப்படி ஒரு நிறுத்துமிடம் பாத்ததில்ல. ஒரு பள்ளம் கிடையாது."

வசதி தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டைத் தாங்காத மனிதர். எல்லாரும் பேருந்து நிழலிலேயே வட்டமாக உட்கார்ந்து காலைச் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

அவர்கள் கை கழுவும் நேரத்தில் கல்லறைகளின் காவலாளி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். சீருடையின் ஒரு தோள்பட்டையில்தான் பித்தளைப் பொத்தான் இருந்தது.

"மூணாம் மாடியிலேர்ந்து வந்திருக்கீங்களா? கல்லறைப் பிரிவு எழுத்தர் ஐயா யாருங்க?"

நல்லநிலை கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா உங்க எழுத்த மட்டும்தாங்க பாத்துட்டிருக்கேன். நீங்க அனுப்பின ஒரு கடிதத்தக்கூட நான் தூக்கிப் போட்டதில்ல. தகரப்பெட்டில பூட்டி வச்சிருக்கேன்."

நல்லநிலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனைவி கேட்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

கள நனைவு தொடங்கியது. துறையின் பெயர் எழுதிய நீளமான பதாகை ஒன்றை இயக்குநர் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கல்லறைக்கு முன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும்.

முதல் மன்னரின் கல்லறையில் கூம்பிலிருந்து அடித்தளம்வரை ஒரு விரிசல். கையை உள்ளே விட்டால் முழங்கைவரை போகும். இயக்குநர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"காற்றோட்டத்துல அந்தக் காலத்து ஆளுங்களுக்கு என்ன ஒரு அக்கறை" என்றார். பதாகையால் விரிசலை மறைத்துப் பிடித்தார்கள், மறைந்தது பாதிதான். இரண்டாவது கல்லறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அறிவித்தபடி எல்லாரும் நனைந்தார்கள். மூன்றாவதின் சுவரில் கால் சாண் இடம் விடாமல் காதலர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கியிருந்தார்கள். "மக்கள் பங்கேற்பு" என்று இயக்குநர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு கல்லறை முன்னாலும் நல்லநிலையின் வாக்கியம் பழக்கதோஷத்தில் மனதுக்குள் வந்தது. வந்து, பாதியில் நின்றது.

நான்காவது கல்லறையின் கூரைக்கு ஒரு மரக்கம்பத்தை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"உள்ள யாரும் சத்தமாப் பேசாதீங்க. தும்மல் வந்தா வெளிய போயிடுங்க" என்றார் காவலாளி.

"அமைதி மண்டலம்" என்று இயக்குநர் மெல்லச் சொல்லி, அதையும் எழுதிக்கொண்டார். அப்போது உள்ளங்கை அளவு காரை ஒன்று பிய்ந்து நல்லநிலையின் தொப்பிமேல் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் ஒரு கல்லறை தனக்கு நேராகப் பதில் எழுதியதுபோல இருந்தது.

ஐந்தையும் ஆறையும் பார்த்து முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. திரும்பலாம் என்று இயக்குநர் சொன்னார்.

"இன்னும் ராணியைப் பாக்கலையே" என்றாள் நல்லநிலையின் மனைவி.

ஆறாவது கல்லறைக்குப் பக்கத்தில் "7" என்று எழுதி அம்புக்குறி போட்ட பலகை இருந்தது. அவள் முன்னால் நடந்தாள். முப்பத்தோரு மஞ்சள் தொப்பிகளும் பின்னால் நடந்தன. அம்புக்குறி போன வழியிலேயே போய், அவர்கள் மறுபடியும் பேருந்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

"பலகை திரும்பிக்கிச்சு போல" என்றார் ஓட்டுநர்.

"பலகை சரியாத்தாங்க இருக்கு" என்றார் காவலாளி. தன் அறைக்குப் போய்த் தகரப்பெட்டியை எடுத்து வந்தார். மேலே இருந்த கடிதத்தை நல்லநிலையிடம் நீட்டினார். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பெரிய மழைங்க. ராணியம்மா கல்லறை அப்படியே உக்காந்துடுச்சு. அன்னிக்கே எழுதிப் போட்டேன். இது அதுக்கு நீங்க போட்ட பதில்."

நல்லநிலை தன் எழுத்தைத் தானே படித்தார். மனைவி தோள்வழியாக எட்டிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "தங்கள் கடிதம் கிடைத்தது. எமது பதிவேட்டின்படி ஏழாவது கல்லறை நல்ல நிலையில் உள்ளது. அதை வேறு நிலையில் வைத்திருப்பது விதிமீறல் என்பதை அறியவும்."

"அப்புறம்?" என்றார் இயக்குநர்.

"அப்புறம் அஞ்சு கடிதம் எழுதினேங்க. அஞ்சுக்கும் இதே பதில். நானும் விட்டுட்டேன். பிறகு ஒரு நாள் வசதிகள் பிரிவிலேர்ந்து ஆணை வந்துச்சு. இங்க கிடக்கிற கல்லையெல்லாம் உடைச்சுப் பரப்பித் தளம் போடச் சொல்லி."

எல்லாத் தொப்பிகளும் வசதியின் பக்கம் திரும்பின.

"கோப்புல 'காலி இடம்'னு இருந்துச்சு" என்றார் வசதி. "கல்லறைன்னு இருந்தா நான் கேட்டிருப்பேன். காலி இடத்தைப் பத்திக் கல்லறைப் பிரிவுகிட்ட எதுக்குக் கேக்கணும்?"

நியாயமான கேள்விதான்.

"அப்ப காலைல நாம ராணியோட தலைமேலயா உக்காந்து சாப்பிட்டோம்?" என்றாள் நல்லநிலையின் மனைவி.

ஓட்டுநர் சத்தமில்லாமல் ஏறி வண்டியைப் பத்தடி பின்னால் எடுத்தார். அது நின்ற இடத்தில் நாலு சொட்டு எண்ணெய் இருந்தது. அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று புரியாமல் மற்றவர்களும் கழற்றினார்கள். படம் எடுக்கத்தான் என்று நினைத்து இயக்குநர் பதாகையை விரித்தார். பின்னால் மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அந்தப் படம் மட்டும் மிக நன்றாக வந்தது.

நல்லநிலை காவலாளியைத் தனியே அழைத்துப் போனார். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார்.

"பரவாயில்லீங்க. எழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திரும்பும் வழியில் வசதி நன்றாகத் தூங்கினார். நல்லநிலையின் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீடு நெருங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்தத் தடவை என்னங்க எழுதப் போறீங்க?"

திங்கட்கிழமை அவர் வழக்கத்துக்கு மாறாக முன்கூட்டியே அலுவலகம் போனார். பணி ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. பேனாவை மூன்று முறை எடுத்தார், மூன்று முறை மூடி வைத்தார். நான்காம் முறை எழுதினார்: "ஏழாவது கல்லறை இல்லை." எழுத்து முத்து முத்தாக வரவில்லை, கோணல் மாணலாக வந்தது. அப்படியே மேலே அனுப்பினார்.

அரைமணி நேரத்தில் இயக்குநர் கூப்பிட்டார். கோபமாக இல்லை. உட்காரச் சொன்னார்.

"இதுல ஒரு சொல் விட்டுப்போயிருக்கு."

"இல்லைங்க சார். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்."

"பாருங்க, நேத்து ஏழாவது கல்லறையில விரிசல் ஏதாவது பாத்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"தண்ணி ஒழுகி நின்னுச்சா?"

"இல்லைங்க."

"யாராவது பேர் கிறுக்கியிருந்தாங்களா?"

"கிறுக்க அங்க சுவரே இல்லைங்களே சார்."

"அதைத்தான் சொல்றேன். நீங்களே மூணு தடவை 'இல்லை'ன்னுட்டீங்க." இயக்குநர் சிவப்பு மையால் கல்லறைக்கு ஒரு வால் சேர்த்து, அடுத்து ஒரு சிறிய சொல்லையும் நுழைத்தார். இப்போது வாக்கியம் இப்படி இருந்தது: "ஏழாவது கல்லறையில் குறை இல்லை."

நல்லநிலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"இதுல நான் கையெழுத்துப் போடல சார்."

மூன்றாம் மாடியில் அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் உச்சரிக்கப்பட்டதில்லை. இயக்குநர் அதையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். "வேண்டாம். வசதி போடட்டும். இடம் இப்ப அவர் பிரிவுதானே."

வசதி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே போட்டார்.

அன்று மாலை நடந்ததை நல்லநிலை மனைவியிடம் சொன்னார். "கையெழுத்துப் போடலையா? நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் கேட்காமலே இரண்டாவது தேநீர் வந்தது. திருமணமான நாளிலிருந்து அப்படி வந்ததில்லை.

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. அங்கே ஒரு வல்லுநர் குழு ஏழு கல்லறைகளையும், அதாவது ஏழு படங்களையும், ஒப்பிட்டு ஆராய்ந்தது. விரிசல், ஒழுகல், கிறுக்கல் எதுவுமே இல்லாதது ஏழாவது மட்டுமே என்று ஒருமனதாகக் கண்டறிந்து, அதைக் "குறையற்ற சின்னம்" என்று அறிவித்தது. இயக்குநருக்கும் வசதிக்கும் பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே ஓர் ஆணையும் வந்தது: மீதமுள்ள ஆறு கல்லறைகளையும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏழாவது கல்லறையின் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இதைப் பற்றி விவாதிக்க இயக்குநர் கூட்டிய முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் கவலை. ஐந்து ஆண்டில் ஆறு கல்லறை எப்படி முடியும், ஆள் போதுமா, துணைக்குழு எத்தனை அமைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நல்லநிலை எடுத்துக் கேட்டுவிட்டு, முகம் வெளிறி வைத்தார்.

"காவலாளிதான் சார் பேசினார். நேத்து ராத்திரி மழையில நாலாவது கல்லறை மொத்தமா இடிஞ்சு விழுந்துடுச்சாம்."

இயக்குநர்தான் முதலில் கை தட்டினார். மூன்றாம் மாடியின் வரலாற்றில் ஒரு வேலை குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது அதுதான் முதல் தடவை.