உடைக்கப்பட்டதாகச் சான்றளிக்கப்பட்ட கார்

கழிக்கப்பட்ட அரசு வாகனத்தை ஏலம் விடும்போது, அதை உடைத்துத் துண்டுகளாகத்தான் கொடுக்க வேண்டும். உடைத்ததைக் கண்ணால் பார்த்த அலுவலர் ஒருவர் சான்று எழுத வேண்டும். எங்கள் காலத்து விதி இது. நல்ல விதி. நான் இதை மறக்காமல் இருப்பதற்குக் காரணம், ஒரு காருக்கு அந்தச் சான்றை எழுதியவன் நான். அந்தக் கார் உடையவில்லை.

எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கறுப்புக் கார் ஒன்று எங்களிடம் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ஏலத்தன்று அதை உடைக்க வேண்டிய வெல்டர் வரவில்லை. “வாங்கறவர் இரும்புக் கடைக்காரர். எப்படியும் அவரே உடைக்கப் போறார். நீ எழுதுய்யா” என்றார் அதிகாரி. நான் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ‘என் முன்னிலையில் உடைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாங்கியவர் அசல் பாய்.

ஒரிஜினல் என்ற சொல்லுக்காகவே பிறந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். கடைத்தெருவில் பூட்டும் கீலும் ஆணியும் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஒரு தடவை ஜோடி மாறிய கீலை விற்றுவிட்டோம் என்று தெரிந்ததும், திருப்புளியோடு அந்தக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்து கதவையே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மணமக்களுக்கு ஒதுக்கியிருந்த அறையின் கதவு அது. தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனின் முன்பல் கட்டிய பல் என்று கண்டுபிடித்து, பிரியாணிக்கு உட்காராமல் எழுந்து வந்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது. பாய் காரை உடைக்கவில்லையாம். சரி பண்ணிக்கொண்டிருக்கிறாராம்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு அவருடைய கொட்டகைக்குப் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கிருந்த ஒரே ஆறுதல், வண்டிக்கு முகம் இல்லை. முன்பக்கத்துக் கிரில், பக்கவாட்டு வெள்ளிப் பட்டைகள், வீல் கப் எல்லாவற்றையும் எங்கள் ஊழியர்கள் ஏலத்துக்கு முன்பே ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மொட்டைக் காரை யார் அடையாளம் காணப்போகிறார்கள்?

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல நேரத்துல வந்தீங்க சார். கிரில்லு, பட்டை எல்லாம் புதுசா பண்ணணும். தினம் பாத்த கண்ணு உங்களுது. நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்.”

எந்தக் காரை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேனோ, அதற்கு அடையாளம் சொல்லும் பதவி எனக்கே வந்து சேர்ந்தது. சம்பளமில்லாத கூடுதல் பொறுப்பு.

சாக்கு ஒன்றை விரித்து மூன்று கிரில்களை வைத்தார். ஒன்று மெட்ராஸ் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. ஒன்று மதகடிப்பட்டு லேத்துக்காரர் செய்தது. மூன்றாவது, பித்தளைப் பாத்திரம் அடிப்பவர் ஒருவர் அடித்துக் கொடுத்தது. மூன்றாவதுதான் அச்சு அசல். அதனாலேயே முதலாவதைக் காட்டினேன். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது என்று சத்தியம் செய்யாத குறை. பாய் அதைத் தூக்கிக் காரின் மூக்கில் பொருத்தினார். கிரில்லின் துளைகள் ஒரு பக்கம் நின்றன, காரின் துளைகள் இன்னொரு பக்கம். மூன்றாவதைப் பொருத்தினார். நான்கு துளையும் நேர்.

“ஓட்டை மாத்தி சொல்லாது சார். உங்களுக்குத்தான் பவர் செக் பண்ணணும்.”

சொன்னதோடு விடாமல் அடுத்த வாரம் என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். கடைசி வரி வரை நான் தெளிவாகப் படிப்பதாக டாக்டர் சொன்னது, எனக்கு எதிரான சாட்சியமாக ஆயிற்று. வீல் கப்பின் நடுவில் நட்சத்திரம் இருந்ததாக ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பியூன் வீட்டில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பழைய வீல் கப்பைப் பாய் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். நட்சத்திரம் இல்லை. அதை அச்சாக வைத்து நான்கு அடித்து, கடலூரில் முலாம் பூசி வாங்கினார். ஒவ்வொரு சாமான் சரியாக அமையும்போதும் எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்காமல் போயிற்று. அரசாங்க வேலை என்பதற்காகவே பெண் கொடுத்தவர் என் மாமனார். வேலை போனால் பெண்ணைத் திருப்பிக் கேட்கக்கூடியவர்.

எல்லாம் முடிந்ததும் சோதனை ஓட்டம். என்னைப் பின் சீட்டில், அதிகாரி உட்காரும் இடத்தில், பிடித்து உட்கார வைத்தார். பதிவு எண் பற்றிக் கேட்காதீர்கள். அது வேறு விதி, வேறு பயம். கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தோளில் கிடந்த துண்டுகள் இறங்கின. வாய்க்காலை அடைத்துத் தன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர், காரைப் பார்த்ததும் குதித்து அடைப்பை வெட்டிவிட்டார். வண்டி மெதுவாகப் போன இடத்தில் ஒரு கிழவர் ஜன்னல் வழியாக மனுவை நீட்டினார். “இந்தக் காரத்தான் இத்தினி நாளா தேடிகினு இருந்தேன் சாமி.”

வாங்கிக்கொண்டேன். சட்டென்று நான் ஜன்னலை ஏற்றியதை அதிகாரி தோரணை என்று நினைத்திருப்பார்.

மறு வாரம் சுற்றறிக்கை வந்தது. தணிக்கைக்கு வருகிறவர், எங்கள் அலுவலகத்தில் இருந்தபோது அதே காரில் வருஷக்கணக்காகச் சுற்றியவர்.

வேறு வழியில்லாமல் பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ச் சான்று எழுதியதை ஒப்புக்கொள்ள இந்த உலகத்தில் இவரைவிட மோசமான ஆள் கிடைக்க மாட்டார் என்பது பாதி சொன்ன பிறகுதான் உறைத்தது.

“இன்னா எழுதினீங்க? அப்படியே சொல்லுங்க.”

“என் முன்னிலையில் உடைக்கப்பட்டது.”

“அப்போ டூப்ளிகேட்டு” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

தணிக்கை அதிகாரி வந்தார். கோப்புகளைப் பார்த்துவிட்டு டீ குடிக்கக் கடைத்தெருவுக்கு நடந்தார். பின்னால் நான். பாய் கடை வாசலில் கார் நின்றது.

பிறகுதான் பார்த்தேன். கிரில் இருந்த இடத்தில் ஜன்னல் கம்பி. பக்கவாட்டில் லாரிப் பட்டை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு தினுசு மூடி, அதில் ஒன்று அலுமினியச் சட்டியுடையது. அதிகாரி இரண்டு தடவை சுற்றி வந்தார்.

“எங்க ஆபீஸ்ல இதே ஜாடையில ஒண்ணு இருந்துச்சு. ராஜா மாதிரி இருக்கும். இது இன்னாய்யா, கூத்துக்கு வேஷம் கட்டின மாதிரி? யார் பண்ணது?”

“நான்தான் சார்” என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு. “டூப்ளிகேட் சாமான்.”

தன் பொருளைப் பற்றி அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எதிர்க் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

சாயங்காலம் நன்றி சொல்லப் போனேன். பாய் நன்றியை வாங்கிக்கொள்ளவில்லை. “நான் மாட்டினத நான் கழட்டிக்குவேன். உங்க பேப்பர நீங்கதான் சார் கழட்டணும். மேல ஆபீசுக்கு உண்மைய எழுதுங்க.”

“வேலை போயிடும் பாய். உங்க வண்டியையும் உடைக்கச் சொல்லுவாங்க.”

“சொன்னா உடைச்சிடறேன். உங்க கையெழுத்து மெய்யாயிடும்ல?”

மறுநாளே எழுதினேன். கார் உடைக்கப்படவில்லை, இப்போது உடைக்க வேண்டுமா, சான்றளித்தவர் மீது என்ன நடவடிக்கை, தெரிவிக்கவும். பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டுடன்.

பதில் வரவில்லை. அன்றிலிருந்து தபால்காரரின் சைக்கிள் மணி எனக்குச் சாவு மணி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் அலுவலக வாசலில் வந்து நின்று, பதில் வந்ததா என்று மோவாயைத் தூக்குவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். “அப்போ ஞாபகப்படுத்துங்க” என்பார். தன் கழுத்துக்குத் தானே ஆறு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிய எழுத்தர் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. நல்ல சாமான்கள் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரண்மேல் கிடந்தன. பதில் வராமல் அவற்றைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். ஜன்னல் கம்பியோடுதான் வெளியே போவார். ‘ஜெயில் காரு, ஜெயில் காரு’ என்று பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். ஒரிஜினல் தேடி அவர் கடைக்கு வந்தவர்கள் காரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

எட்டாவது வருஷம் பதில் வந்தது. இரண்டே வரி. பார்வையில் கண்ட கோப்பு கிடைக்கவில்லை. மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது.

பகலில், விடுப்பு எழுதிக் கொடுக்காமல், ஓடினேன். பாய் மூன்று தடவை படிக்கச் சொன்னார். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரிஜினல்தானா என்று பார்த்தார். பிறகு பரணில் ஏறினார். கிரில்லை நான் பிடித்துக்கொள்ள, அவர் திருகாணியைப் பொருத்தினார். வயசாகிவிட்டது, திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது. வாங்கி நானே முடுக்கினேன். என் பயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில், அந்த மனிதர் எனக்காக எட்டு வருஷம் கடைத்தெருவில் தலைகுனிந்து நின்றதை நான் பார்க்கவே இல்லை. நாலாவது திருகாணியில்தான் கண்ணை நீர் மறைத்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பதில் வந்த தேதியைத் தபால் வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினேன். சிவப்பு மை உபயோகிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மார்ச் பதினொன்று, வெள்ளிக்கிழமை.