இரண்டாவது குவார்ட்டர்பேக்

ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றும் அறைக்குள் வந்தவர்களில் நிதுசன் ஒருவன்தான் வெள்ளை வெளேரென்று இருந்தான். மற்ற எல்லோர் மேலும் சேறு. கொலோன் நகரத்து மழையில் மாற்று ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில் குந்தியிருந்து நனைந்ததுதான் அவனுக்கு மிச்சம்.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன். களத்தில் அந்த இடம் ஒருவனுக்குத்தான். பல்கலைக்கழக அணியில் அந்த ஒருவன் சயந்தன். நிதுசனோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். பந்தெறிகிற கை மட்டும் இவனுடையதைவிடக் கொஞ்சம் நீளம்.

"அடுத்த ஆட்டத்தில் நான் இறங்கலாமா?" என்று நிதுசன் பயிற்சியாளரிடம் கேட்டான்.

"சயந்தனுக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்கலாம்."

அந்தக் குளிர்காலம் முழுக்க நிதுசன் சயந்தனின் உடல்நலத்தை அக்கறையாக விசாரித்தான். பாவிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

கடைசியில் நிதுசன் பல்கலைக்கழகமே மாறுவதென்று முடிவெடுத்தான். நாட்டின் மறுகோடியில், கார்ஹிங் என்ற ஊரில் ஒரு அணிக்குக் குவார்ட்டர்பேக் தேவைப்பட்டது.

"தனியவோ ராசா போறாய்?" தாய் ஜசிந்தா கண்ணைக் கசக்கினாள். "உனக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாதே!"

"அங்க படிப்பு நல்லம், அம்மா."

"சயந்தனை விட்டிட்டு இருப்பியோ? ஒண்டா வளந்த பிள்ளையள்."

"இருப்பன்," என்றான், தேவைக்கு மேற்பட்ட உற்சாகத்தோடு.

கார்ஹிங்கில் அவன்தான் முதல் குவார்ட்டர்பேக். முதல் ஆட்டத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. பயிற்சிக்குப் போக ஸ்டேஷனில் நின்றபோது ரயில் கதவு திறந்தது. முதுகில் பையோடு சயந்தன் இறங்கினான்.

"நீ என்னடா இங்க?"

"நானும் மாறி வந்திட்டன்," என்றான் சயந்தன், தரையைப் பார்த்தபடி.

பயிற்சியாளர் அவன் எறிவதை ஒருதரம்தான் பார்த்தார். நிதுசன் மறுபடி வாங்குக்குப் போனான். கொலோன் வாங்காவது மரம். இது இரும்பு.

கோடை வந்தும் அந்த வாங்கின் குளிர் அவனை விட்டுப் போகவில்லை. யாரும் வராத இடமாகத் தேடி ஹாலே என்ற ஊரைப் பிடித்தான். அவன் முன்பு எழுதின பரீட்சைகளில் பாதியை அங்கே ஏற்கவில்லை. படிப்பில் ஒரு வருடம் போயிற்று. போகட்டும் என்றான்.

"ஹாலேயோ? அங்க எங்கட சனம் ஒருத்தரும் இல்லையே!" தாய் தொலைபேசியில் அழுதாள்.

"அதுதான் அம்மா எனக்கு வேணும்."

ஹாலே அணியில் குவார்ட்டர்பேக்கே இல்லை. குவார்ட்டர்பேக்கைக் காக்கவேண்டிய தடியன்களும் இல்லை. முதல் ஆட்டத்திலேயே எதிரணி மொத்தமும் நிதுசன் மேல் விழுந்தது. உடம்பெல்லாம் சேறு. ஒருகணம் அவனுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்தது. பிறகுதான் தோள்மூட்டு கழன்றது தெரிந்தது.

கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இருண்ட அறையில் அவன் கிடந்தபோது பயிற்சியாளர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கவலைப்படாதே! உன் இடத்துக்கு அருமையான ஒருவன் கிடைத்துவிட்டான்."

அவருக்குப் பின்னால், பெட்டியும் கையுமாகச் சயந்தன் நின்றான்.

பயிற்சியாளர் போகும்வரை நிதுசன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு நான் என்னடா பாவம் செய்தனான்? ஏன் பேய் மாதிரிப் பின்னால வாறாய்?"

சயந்தன் கட்டிலோரத்தில் தொப்பென்று இருந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"எனக்கு மட்டும் விருப்பமே? கொலோன்ல நான் விரும்புற பெட்டை, நல்ல வேலை, அம்மாவின்ர சோறு எல்லாத்தையும் விட்டிட்டு வந்து நிக்கிறன்."

"அப்ப ஏன் வந்தனி?"

"ஜசிந்தா அன்ரி ஒவ்வொரு தரமும் எங்கட வீட்டை வந்து, 'என்ர பிள்ளை தனியப் போறான், துணைக்குப் போ தம்பி' எண்டு காலில விழாத குறையா அழுறா. இனி எங்கயாவது போறதெண்டால், உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், கொம்மாட்டச் சொல்லாமப் போ, மச்சான்!"