கெய்சர் மேல் குற்றமில்லை

சாக்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை காலை

திருக்கோஷ்டியூரில் இருக்கும் அன்பு மச்சான் வயிரவன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பொன்னுத்தாயியின் வீட்டுக்காரன் கருத்தையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம், மாடு நலம், பியூஸ் கட்டையும் இப்போது நலம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி நாகவல்லியும் உங்கள் மகள் கல்யாணப் பெண் நிவேதாவும் நலமாக இருக்கச் சௌமிய நாராயணப் பெருமாள் துணை நிற்கட்டும். இது நானே எழுதும் கடிதம், யாரிடமும் சொல்லி எழுதவில்லை. போன வருஷம் வரை கைநாட்டு வைத்தவன், இப்போது சாயங்கால எழுத்தறிவு வகுப்பில் முன் வரிசை. இந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் காப்பி ஆறிவிட்டது, பரவாயில்லை.

எங்கள் மகன் உதயகுமார் மாடியில் அறையும் குளியலறையும் கட்டிப் பால் காய்ச்சியபோது தாய்மாமன் சீராக நீங்கள் வெந்நீர் கெய்சர் அனுப்பினீர்கள் அல்லவா, அதன் பிளக்கின் கால்கள் பெருத்திருந்தன, எங்கள் சுவரில் இருந்த ஓட்டைகள் சிறுத்திருந்தன, பையன் யோசிக்காமல் அந்த பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுச் சின்ன பிளக்கை மாட்டினான், சுவிட்சைப் போட்டான், டப் என்று வீடே இருண்டது. பியூஸ் கம்பியைக் கட்டிவிட்டுப் போட்டால் மறுபடியும் டப். பொன்னுத்தாயி கெய்சருக்குத் திருநீறு பூசினாள், எலுமிச்சம்பழம் கட்டினாள், தேங்காய் சுற்றித் தெருவில் உடைத்தாள், அப்புறமும் டப். "மனசில்லாமக் குடுத்த சீரு இந்த வீட்டுல எப்பிடி வேலை செய்யும்? நிவேதா கல்யாணத்துக்கு நா வரல. நீங்க மட்டும் போயிச் சாப்புட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அத்தை வராத பந்தலில் நீங்கள் எந்த முகத்தோடு நிற்பீர்கள் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான்.

எழுத்து தெரிந்த நாளிலிருந்து எதைக் கண்டாலும் படித்துவிடுவேன், பஸ் பலகை, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. அப்படித்தான் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டே கெய்சரின் வயிற்றைப் படித்தேன். 230 வி, 13 ஏ என்று போட்டிருந்தது. எண் புரிந்தது, இங்கிலீஷ் எழுத்து புரியவில்லை. அப்படியே வரைந்து எடுத்துப்போய் வகுப்பு நடத்தும் சத்தியப்பிரியாவிடம் காட்டினேன். பாலிடெக்னிக்கில் கரண்ட் படித்த பிள்ளை. "ஐயா, வி-ங்கிறது வோல்ட்டு, கரண்டைத் தள்ளுற அழுத்தம். ஏ-ங்கிறது ஆம்பியர், ஓடுற கரண்டோட அளவு. ரெண்டையும் பெருக்குனா வாட்டு, எம்புட்டுச் சக்தி இழுக்குதுன்னு தெரியும். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம், உள்ள இருக்க கம்பி காட்டுற தடை" என்றது. மச்சான், பெருக்கினேன், 2990 வாட் வந்தது. வகுத்தேன், பதினெட்டு ஓமுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. எங்கள் சின்ன பிளக்கும் பியூஸ் கம்பியும் தாங்குவதோ ஐந்தே ஆம்பியர், அதாவது 1150 வாட். ஆட்டுக்குட்டி முதுகில் நெல் மூட்டையை ஏற்றியிருக்கிறோம்!

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து பொன்னுத்தாயியை உட்காரவைத்தேன். அவளுக்கு விளங்கட்டும் என்று இஸ்திரிப் பெட்டிக்கும் கணக்குப் போட்டேன். 230 வோல்ட், 4 ஆம்பியர், 920 வாட், தடை ஐம்பத்தேழரை ஓம். "இஸ்திரிப் பெட்டிக்கு ஐம்பத்தேழரை, உங்கண்ணன் கெய்சருக்குப் பதினெட்டுகூட இல்ல, பாத்தியா புள்ள" என்றேன். "பாத்தீகளா, எங்கண்ணன் குடுத்தது எப்பவும் கம்மிதான்" என்றாள். "அட, தடை கம்மியா இருந்தாத்தான் கரண்டு கூட ஓடும். கல்லு கம்மியாக் கெடக்குற வாய்க்கால்ல தண்ணி கூடப் பாயாதா?" என்றேன். "அப்ப கல்லுலயும் கம்மி பண்ணிட்டாக!" என்றாள். நான் தாளை மடித்துவிட்டேன்.

மறுநாள் எலக்ட்ரீசியன் மருதுபாண்டி வந்தார். தடித்த வயரைத் தனியாக இழுத்துப் பெரிய பிளக் பாயிண்ட் வைத்தார். "இந்த பிளக்கை வெட்டுன மகராசன் யாரு?" என்று கேட்டார், உதயகுமார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். சுவிட்சைப் போட்டோம், விளக்கு அசையவில்லை, குழாயில் ஆவி பறக்க வெந்நீர் வந்தது. ஆகவே கெய்சர் குற்றமற்றது, நீங்களும் குற்றமற்றவர். கணக்கைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னாலும் எடுத்துக் காட்டுங்கள். இனிப் பொன்னுத்தாயி கோபிக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

நிவேதாவும் மாப்பிள்ளையும் நிறைந்து வாழ என் ஆசி. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கருத்தையா (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: இதைப் பொன்னுத்தாயிக்குப் படித்துக் காட்டினேன். "கெய்சருக்காகவா கோவிச்சேன்? அண்ணனும் மதினியும் தாம்பாளத்துல வச்சுத் தூக்கியார வேண்டிய சீரைக் கடைக்காரன் வேன்ல ஏத்தி விட்டாக. கல்யாணத்துக்கும் போன்லயே கூப்புட்டுட்டாக. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வெளிய சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல, அதுக்குத்தான் கெய்சரு" என்றாள். ஆகவே மேலே உள்ளதை நீங்கள் படிக்காவிட்டாலும் பாதகமில்லை, தங்கச்சியோடு வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு நேரில் வந்து கூப்பிடுங்கள். கல்யாணத்துக்குக் கட்டச் சேலை எடுத்து, ரவிக்கையும் தைக்கக் கொடுத்துவிட்டாளாம். "இதை மட்டும் எழுதிப்புடாதீக" என்றாள். எழுதிவிட்டேன், மச்சான். பேனாவில் எழுதியதை அழிப்பது எப்படி என்று வகுப்பில் இன்னும் சொல்லித் தரவில்லை.