குப்பை போட்டவருக்கு ஒரு தலைப்பாகை

எனக்குத் தலைமைப் பண்பு பதினாறு வயதில் வந்தது. ஜுரம் மாதிரிதான் வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கூட இருந்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்.

மைசூரில் எங்கள் வார்டில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் இளைஞர் மன்றம் ஆரம்பித்தார்கள். பதினான்கு பேர். தேர்தல் வைத்ததில் நான் தலைவி ஆனேன். (எதிர்த்து நின்ற சுமையாவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.) அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று சொற்பொழிவு. எழுதுவேன், பேசிப் பார்ப்பேன், பிடிக்காது, கிழிப்பேன், மறுபடி எழுதுவேன். நாட்டுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்ற பொறுப்புணர்ச்சியில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மன்றம் இருந்ததே தவிர, உட்கார இடம் இல்லை. பூங்காவில் கூடுவோம். செடிக்குத் தண்ணீர் விட வருகிறவர் எங்களையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போவார். எங்கள் வார்டு கவுன்சிலர், அதாவது மைசூர் பேச்சில் கார்ப்பரேட்டர், அந்த அம்மாள்தான் ஒரு வழி சொன்னார்: "உருப்படியா ஒரு காரியம் பண்ணிக் காட்டுங்க, வார்டு ஆபீஸ் பின்னாடி சும்மா கிடக்கிற ரூமைத் தர்றேன்." (கன்னடத்தில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். பின்னால் வரும் சில வசனங்கள் கன்னடத்தில் இன்னும் அதிகமாக வலித்தன.)

அந்த அறைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மூலையில் யார் யாரோ குப்பைப் பைகளை வீசிவிட்டுப் போவார்கள். அதை நிறுத்துவது என்று தீர்மானம் போட்டோம். எப்படி? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. மைசூரில் ஒருவர் பணி ஓய்வு பெற்றாலும், பதவி உயர்வு வாங்கினாலும், சும்மா ஊருக்கு வந்துபோனாலும் ஜரிகைத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, மாலை போட்டு, கையில் பழக்கூடையைத் திணித்துவிடுவார்கள். அந்த மரியாதை அத்தனையையும் குப்பை போடுகிறவருக்கே நடுத்தெருவில் செய்தால்? வெட்கத்தில் செத்துவிட மாட்டாரா?

திட்டம் பரம ரகசியம். வீட்டில்கூட "ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்ல ஒரு விழா" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கார்ப்பரேட்டர் வந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். எங்கள் தெருக்களில் தள்ளுவண்டியில் குப்பை வாங்கும் மகாதேவம்மாவும் வந்து நின்றார். சுமையா கையில் தலைப்பாகை, என் கையில் மாலை. எல்லாம் இருந்தது, குப்பை போட மட்டும் ஆள் வரவில்லை. இத்தனை கூட்டத்தைப் பார்த்தால் யார் வருவார்கள்? இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார்ப்பரேட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அறை கையைவிட்டுப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

தலைவர் என்றால் முடிவெடுக்க வேண்டும். எடுத்தேன்.

"ஏற்கனவே கிடக்கிற பையைத் திறந்து பார்ப்போம். உள்ளே பேரு, அட்ரஸ் ஏதாவது இருக்கும். வீட்டுக்கே போய் மாலை போடலாம்!"

கைதட்டல். மகாதேவம்மா இருப்பதிலேயே பெரிய பையை இழுத்தார். இரட்டை முடிச்சு. "பாருங்க, எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்காங்க. குற்ற உணர்ச்சி!" என்று நான் விளக்கமும் சொன்னேன். உள்ளிருந்து கொத்தமல்லித் தண்டு, காபித்தூள் சக்கை, அப்புறம் கிழித்த காகிதங்கள். சுமையா ஒரு காகிதத்தை இரண்டு விரலால் எடுத்து, இப்போது நன்றாகவே இருந்த தொண்டையால் உரக்கப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய கார்ப்பரேட்டர் அவர்களே! தூய்மையே நம் மூச்சு என்று கூறி, மன்றத் தலைவி காவ்யாவாகிய நான்..."

அடுத்த காகிதத்திலும் நான். அதற்கடுத்ததிலும் நான்.

மகாதேவம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இவங்க வீட்டுக் குப்பை ரெண்டு மாசமா என் வண்டிக்கே வரல. ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நான் சுதாரித்துக்கொண்டு ஒன்று சொன்னேன். இன்றுவரை அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

"எங்க வீட்டுக் குப்பையை யாரோ திருடிட்டாங்க!"

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மகளின் விழாவைப் பார்க்க இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்த என் அப்பா.

"நான்தானுங்க போட்டேன்" என்றார். கொள்ளேகால்காரர், பொய் சொல்லத் தெரியாது. "காலைல வண்டி வந்தா பையக் கொடுக்கறது எம்பொண்ணு வேலைங்க. தலைவியானதுல இருந்து அந்த நேரத்துல கண்ணாடி முன்னாடி பேசிட்டிருக்குது. தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் பேக்டரிக்குப் போற வழியில... லீவு நாள்லயும் அதே பழக்கமாயிருச்சுங்க."

கார்ப்பரேட்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், தலைப்பாகையை வாங்கி அப்பா தலையில் வைத்தார். என்னைப் பார்த்தார். மாலை என் கையில் அல்லவா இருந்தது? போட்டேன். பேக்டரியில் இருபது வருஷம் வேலை பார்த்தும் அப்பாவுக்கு யாரும் ஒரு பூக்கூடக் கொடுத்ததில்லை. அவர் கை கூப்பி, தலையைத் தாழ்த்தி நிஜமான மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். வெட்கத்தில் செத்தது நான்தான். அழுகையும் வந்தது.

மறுநாள் பேப்பரில் படம். செய்தியைப் படிக்காதவர்கள் அப்பாவை வாழ்த்தினார்கள். படித்தவர்கள் அந்த மூலைப் பக்கமே பையோடு வரவில்லை. ஆகவே அறை கிடைத்தது. அதில் நடந்த முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம், தலைவியை நீக்குவது. விதிப்படி அதற்கும் நானே தலைமை தாங்கி, உயர்ந்த கைகளை நானே எண்ணினேன். பதிமூன்று. சுமையா அந்த அறையை மிகவும் நன்றாக நடத்தினாள்.

போன மாதம் பெங்களூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெருமை தாங்காமல் அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்படியா கண்ணு, சந்தோஷம்" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை ஆறரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. எனக்கு இல்லை, என் கணவருக்கு.

"மாப்ள, குப்பை வண்டி வந்துருச்சுங்களா? இனிமே நீங்கதான் பாத்துக்கோணும்."